காரணிகளை எண்ணியவர்

கும்பகோணத்தில் சாரங்கபாணி கோயிலுக்குச் செல்லும் சன்னிதித் தெருவில் ஓடு வேய்ந்த சிறிய வீடு ஒன்று இன்றும் இருக்கிறது. அதன் முகப்பில் தெருவைப் பார்த்தபடி ஒரு திண்ணை உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அத்திண்ணையில் ஓர் இளைஞர் கால்களை மடக்கி அமர்ந்து, மடியில் பெரிய சிலேட்டு ஒன்றை வைத்துக்கொண்டு நெடுநேரம் எழுதிக்கொண்டிருப்பார். தெருவில் சிறுவர்கள் விளையாடும் ஓசை அவர் காதில் விழுவதில்லை. தாள் வாங்கப் பணம் வேண்டும். பலப்பத்திற்கு அவ்வளவு செலவில்லை. ஆகவே கணக்கு முழுவதையும் சிலேட்டில் செய்து, முடிவை மட்டும் குறிப்பேட்டில் எழுதி வைப்பார். எழுதியதை அழிக்கத் துணியைத் தேடும் பொறுமை அவருக்கு இல்லை. முழங்கையால் துடைத்துவிட்டு அடுத்த வரிக்குச் செல்வார். இதனால் அவருடைய முழங்கை கறுத்துத் தடித்துப் போயிருந்தது.

ஓர் எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்களை அதன் காரணிகள் என்கிறோம். 12-ஐ 1, 2, 3, 4, 6, 12 ஆகிய ஆறு எண்கள் மீதியின்றி வகுக்கின்றன. இவற்றுள் 1, 3 ஆகிய இரண்டும் ஒற்றைப்படைக் காரணிகள். எஞ்சிய நான்கும் இரட்டைப்படைக் காரணிகள். ஆறாம் வகுப்பு மாணவர் விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய இந்தக் கணக்கைப் பற்றிக்கொண்டு அந்த இளைஞர் பிற்காலத்தில் நெடுந்தொலைவு சென்றார். கல்லூரித் தேர்வுகளில் தோல்வி கண்ட அவருக்குப் பட்டம் பெற்றுத் தந்ததும் இதே கணக்குத்தான். அவர் பெயர் சீனிவாச இராமானுஜன்.

பிறப்பும் பள்ளியும்

இராமானுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில், தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில். தந்தை சீனிவாச ஐயங்கார் ஒரு துணிக்கடையில் கணக்கர். அவருடைய ஊதியம் குடும்பத்தை நடத்தப் போதுமானதாக இல்லை. தாய் கோமளத்தம்மாள் கோயில் பஜனைகளில் பாடியும், வெளியூர் மாணவர்களை வீட்டில் தங்கவைத்து உணவளித்தும் சிறிது பொருள் ஈட்டினார். மகனின் போக்கை நன்கு அறிந்தவர் தாயே. அவன் கணக்கில் மூழ்கியிருக்கும்போது சோற்றைப் பிசைந்து அவன் கையில் வைப்பார். எழுதுவதை நிறுத்தாமலேயே அவன் உண்பான்.

1897ஆம் ஆண்டு நடந்த தொடக்கப்பள்ளித் தேர்வில் இராமானுஜன் தஞ்சை மாவட்டத்தில் முதல் மாணவராகத் தேறி, நகர உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். அக்காலத்து நிகழ்ச்சி ஒன்று பலராலும் சொல்லப்படுவது. எந்த எண்ணையும் அதே எண்ணால் வகுத்தால் ஈவு ஒன்று என்று ஆசிரியர் கற்பித்துக்கொண்டிருந்தார். மூன்று பழங்களை மூவருக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு ஒன்று என்று எடுத்துக்காட்டும் தந்தார். அப்போது சிறுவன் இராமானுஜன் எழுந்து, பழமே இல்லாதபோது ஒருவருக்கும் பகிர்ந்தளிக்காவிட்டால் அப்போதும் ஆளுக்கு ஒன்று கிடைக்குமா என்று கேட்டானாம். வகுத்தல் என்பது அவனுக்கு அந்த வயதிலேயே மனப்பாடம் செய்யும் வாய்பாடாக இருக்கவில்லை.

1903ஆம் ஆண்டில் கார் என்னும் ஆங்கிலேயர் எழுதிய கணிதத் தொகுப்பு நூல் ஒன்று அவர் கைக்கு வந்தது. தேர்வுக்குப் படிக்கும் மாணவர்களுக்காகத் தொகுக்கப்பட்ட அந்நூலில் ஏறத்தாழ ஐயாயிரம் முடிவுகள் வரிசையாகத் தரப்பட்டிருந்தன. நிறுவல்கள் இல்லை, அல்லது ஓரிரு சொற்களில் முடிந்துவிடும். மற்றவர்கள் புரட்டிவிட்டு மூடிவைக்கும் நூல் அது. இராமானுஜனோ ஒவ்வொரு முடிவையும் தாமே நிறுவிப் பார்க்கத் தொடங்கினார். ஒன்றை நிறுவும்போது அதன் அருகில் புதியவை பல தோன்றின. அந்நூல் அவருக்கு நன்மை மட்டுமே செய்தது என்று கூறிவிட இயலாது. முடிவை மட்டும் எழுதி, வழியை எழுதாமல் விடும் பழக்கம் அதிலிருந்தே அவருக்குத் தொற்றிக்கொண்டது. பின்னாளில் அவருடைய குறிப்பேடுகளைப் படித்த அறிஞர்கள் ஒவ்வொரு வரியின் பின்னாலும் உள்ள வழியைக் கண்டுபிடிக்கப் பல்லாண்டுகள் உழைக்க வேண்டியதாயிற்று.

தேர்வும் தோல்வியும்

1904ஆம் ஆண்டு உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணிதத்தைத் தவிர வேறு எந்தப் பாடத்திலும் அவர் மனம் செல்லவில்லை. வரலாற்று வகுப்பிலும் அவர் எழுதுவது கணக்கே. ஆங்கிலத்தில் தேறாததால் உதவித்தொகை பறிபோயிற்று. கட்டணம் செலுத்தும் வசதி குடும்பத்திற்கு இல்லை. பதினேழு வயது இளைஞரால் அந்த அவமானத்தைத் தாங்கிக்கொள்ள இயலவில்லை. 1905ஆம் ஆண்டு ஒருவரிடமும் சொல்லாமல் வீட்டை விட்டு வெளியேறி, வங்கக் கடலோரமாக வடக்கே விசாகப்பட்டினம் வரை சென்றுவிட்டார். பின்னர் வீடு திரும்பினார்.

1906ஆம் ஆண்டு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் மீண்டும் ஒரு முயற்சி. அங்கும் அதே கதை. கணிதத்தில் அவருக்கு நிகர் யாரும் இல்லை. உடலியல் பாடமோ அவருக்குச் சிறிதும் பிடிக்கவில்லை. கலைத்துறை முதல் தேர்வில் தோற்றார். மறுமுறை எழுதியும் தோற்றார். அத்தேர்வில் தேறாதவர் பட்ட வகுப்பில் சேர முடியாது. அத்துடன் அவருடைய கல்லூரி வாழ்வு முடிந்துவிட்டது. ஒரு மாணவர் எல்லாப் பாடங்களிலும் ஓரளவேனும் தேற வேண்டும் என்னும் விதி தவறானதன்று. ஆனால் இராமானுஜன் போன்ற ஒருவர் வந்தால் என்ன செய்வது என்பதற்கு அவ்விதியில் இடம் இல்லை.

1909ஆம் ஆண்டு அவருக்கும் சிறுமி ஜானகிக்கும் திருமணம் நடந்தது. இனி வேலை தேட வேண்டும். கையில் பட்டம் இல்லை. இரண்டு பெரிய குறிப்பேடுகள் மட்டுமே இருந்தன. அவற்றை எடுத்துக்கொண்டு திருக்கோவிலூருக்குச் சென்றார். அங்கே துணை ஆட்சியராக இருந்த இராமசாமி ஐயர், இந்தியக் கணிதக் கழகத்தை 1907ஆம் ஆண்டு தொடங்கியவர். அலுவலகத்தில் ஓர் எழுத்தர் வேலை கொடுத்தால் போதும் என்பது இளைஞரின் வேண்டுகோள். குறிப்பேடுகளைப் புரட்டிய ஐயர், இத்தகைய அறிவை வருவாய்த்துறைக் கோப்புகளுக்கு நடுவே புதைக்க மனமின்றி, சென்னையிலிருந்த கணித நண்பர்களுக்குப் பரிந்துரை எழுதி அனுப்பினார். அவ்வழியாகவே நெல்லூர் மாவட்ட ஆட்சியர் இராமச்சந்திர ராவின் அறிமுகம் கிடைத்தது. அவர் மாதம் 25 ரூபாய் தம் சொந்தப் பணத்திலிருந்து அளித்து வந்தார். உழைக்காமல் பிறர் பணத்தில் உண்பது இராமானுஜனுக்கு உறுத்தலாக இருந்தது. 1912ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராகச் சேர்ந்தார்.

துறைமுகத்திலிருந்து கேம்பிரிட்ஜ்

துறைமுகத்தில் அவருக்கு மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயரும் கணிதம் கற்றவர். மாலையில் இருவரும் சிலேட்டுடன் அமர்ந்துவிடுவர். இங்கிலாந்திலுள்ள அறிஞர்களுக்கு எழுதும்படி நண்பர்கள் தூண்டினர். முதலில் எழுதிய மடல்களால் பயன் விளையவில்லை. 1913ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் கேம்பிரிட்ஜ் டிரினிட்டிக் கல்லூரியைச் சேர்ந்த ஹார்டிக்கு ஒரு மடல் எழுதினார். தாம் கண்ட முடிவுகளை நிறுவலின்றி வரிசையாக அதில் தந்திருந்தார். ஹார்டி முதலில் அதை ஏமாற்று வேலையோ என ஐயுற்றார். அன்று மாலையே தம் நண்பர் லிட்டில்வுட்டுடன் அமர்ந்து ஆராய்ந்தபின், எழுதியவர் முதல்தரக் கணித மேதை என்பதில் இருவருக்கும் ஐயம் எஞ்சவில்லை. சில மாதங்களுக்குள் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது. கல்லூரித் தேர்வில் தேறாதவருக்கு அத்தகைய உதவித்தொகை கிடைத்தது அரிய நிகழ்ச்சி.

கேம்பிரிட்ஜுக்கு வருமாறு ஹார்டி அழைத்தார். கடல் கடந்து செல்வது ஆசாரத்திற்கு மாறானது என்று அக்காலத்து வைணவக் குடும்பங்கள் கருதின. தாய் இசையவில்லை, மகனும் தயங்கினார். பின்னர்த் தாய் மனம் மாறி இசைவு தந்தார். குடுமியை நீக்கி, ஐரோப்பிய உடை அணியப் பழகிக்கொண்டு, 1914ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் நாள் இராமானுஜன் சென்னையிலிருந்து கப்பலேறினார். இளம் மனைவி ஜானகி ஊரிலேயே தங்கினார்.

அவர் இங்கிலாந்தை அடைந்த நான்காம் மாதத்தில் முதல் உலகப்போர் மூண்டது. லிட்டில்வுட் போர்ப்பணிக்குச் சென்றார். டிரினிட்டிக் கல்லூரியின் முற்றம் ஒன்றில் காயமுற்ற வீரர்களுக்கான மருத்துவமனை அமைந்தது. புலால் உண்ணாத இராமானுஜன் தம் அறையிலேயே சமைத்துக்கொண்டார். காய்கறிகள் கிடைப்பது நாளுக்கு நாள் அரிதாயிற்று. அங்கே படித்துக்கொண்டிருந்த வங்காள மாணவர் பிரசாந்த சந்திர மகலனோபிசு ஒருநாள் இவர் அறைக்கு வந்தார். இரவெல்லாம் குளிரில் நடுங்குவதாகவும், மேலங்கியை அணிந்துகொண்டே படுப்பதாகவும் இராமானுஜன் கூறினார். மகலனோபிசு கட்டிலைப் பார்த்தார். கம்பளிகள் பல இருந்தன. ஆனால் அவை மெத்தையுடன் சேர்த்துச் செருகப்பட்டு, மேலே விரிப்பு போடப்பட்டிருந்தன. அவற்றுக்குள் நுழைந்து படுக்க வேண்டும் என்பது இராமானுஜனுக்குத் தெரிந்திருக்கவில்லை. நண்பர் கம்பளியை விலக்கிக் காட்டினார். இந்த மகலனோபிசுதான் பிற்காலத்தில் கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவியவர்.

காரணி மிகுந்த எண்கள்

அந்தக் குளிரிலும் தனிமையிலும் இராமானுஜன் எழுதி முடித்த பெரிய கட்டுரை, காரணிகளை எண்ணுவது பற்றியது. 1915ஆம் ஆண்டு இலண்டன் கணிதக் கழகத்தின் இதழில் அறுபது பக்கங்களுக்கு மேல் நீண்டு அது வெளிவந்தது.

360 என்னும் எண்ணைக் கொண்டு அதன் அடிப்படையைப் பார்க்கலாம். 2-ஐ மூன்று முறையும், 3-ஐ இரண்டு முறையும், 5-ஐ ஒரு முறையும் எடுத்துப் பெருக்கினால் 360 கிடைக்கும். இந்த 2, 3, 5 ஆகியவை மேலும் பகுக்க முடியாத பகா எண்கள். 360-இன் காரணி ஒவ்வொன்றும் இவற்றிலிருந்தே உருவாக வேண்டும். ஒரு காரணியை உருவாக்கும்போது 2-ஐ எடுக்காமலும் விடலாம், ஒன்று, இரண்டு, மூன்று முறையும் எடுக்கலாம். ஆக நான்கு வழிகள். அவ்வாறே 3-க்கு மூன்று வழிகள், 5-க்கு இரண்டு வழிகள். நான்கு, மூன்று, இரண்டு ஆகியவற்றைப் பெருக்கினால் 24. ஆகவே 360-க்கு 24 காரணிகள். ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை.

இவற்றுள் ஒற்றைப்படைக் காரணிகள் எத்தனை? ஓர் எண்ணில் 2 ஒருமுறை சேர்ந்தாலும் அது இரட்டைப்படை ஆகிவிடும். எனவே ஒற்றைப்படைக் காரணி வேண்டுமானால் 2-ஐத் தொடவே கூடாது. 3-க்கு மூன்று வழி, 5-க்கு இரண்டு வழி, ஆக ஆறு. அவை 1, 3, 5, 9, 15, 45. இந்த ஆறையும் 2, 4, 8 ஆகியவற்றால் பெருக்கினால் பதினெட்டு இரட்டைப்படைக் காரணிகள் வந்துவிடும். ஓர் எண்ணில் 2 எத்தனை முறை அடங்கியுள்ளதோ, ஒற்றைப்படைக் காரணிகளைப்போல் அத்தனை மடங்கு இரட்டைப்படைக் காரணிகள் அதற்கு உண்டு. 2 அடங்காத எண்ணுக்கு இரட்டைப்படைக் காரணி ஒன்றுகூட இராது.

இதுவரை சொன்னவை பழமையானவை. இராமானுஜனுக்கு நெடுங்காலம் முன்பே அறியப்பட்டவை. அவர் எழுப்பிய வினா வேறு. தன்னைவிடச் சிறிய எண் எதற்கும் இல்லாத அளவுக்குக் காரணிகளைக் கொண்ட எண்கள் எவை? 12-க்கு ஆறு காரணிகள். 12-க்குக் கீழுள்ள எந்த எண்ணுக்கும் ஆறு இல்லை. 18-க்கும் ஆறு காரணிகள் உண்டு. ஆனால் 12 முந்திக்கொண்டுவிட்டதால் 18-க்கு அச்சிறப்பு இல்லை. இவ்வாறு முந்திச் செல்லும் எண்களை மிகு பகு எண்கள் எனலாம். 1, 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 என்று அவ்வரிசை செல்கிறது. ஓர் அடிக்குப் பன்னிரண்டு அங்குலம், ஒரு நாளுக்கு 24 மணி, ஒரு மணிக்கு 60 நிமிடம், ஒரு வட்டத்திற்கு 360 பாகை எனப் பழைய அளவைகளில் வரும் எண்கள் பலவும் இவ்வரிசையைச் சேர்ந்தவையே. பல வகையாகப் பங்கிட வசதியான எண்களை மக்கள் தேர்ந்துகொண்டதில் வியப்பில்லை.

வரிசையை உற்றுப் பார்த்தால், ஒன்றுக்குப் பின் வரும் எண்கள் யாவும் இரட்டைப்படை. அது தற்செயல் அன்று. 945 என்னும் ஒற்றைப்படை எண்ணை எடுத்துக்கொள்வோம். அது 3-ஐ மூன்று முறையும், 5, 7 ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் பெருக்கி வருவது. அதற்கு 16 காரணிகள், யாவும் ஒற்றைப்படை. இப்போது 3-க்குப் பதில் 2-ஐயும், 5-க்குப் பதில் 3-ஐயும், 7-க்குப் பதில் 5-ஐயும் வைத்தால் 120 கிடைக்கிறது. வழிகளின் எண்ணிக்கை மாறவில்லை. காரணிகள் அதே 16. எண்ணோ ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. ஒற்றைப்படையாகவே இருக்க விரும்பும் எண் அதற்காக மிகுந்த விலை கொடுக்கிறது.

இந்த எளிய இடமாற்றத்திலிருந்தே இராமானுஜனின் முதல் முடிவு பிறக்கிறது. மிகு பகு எண்ணில் சிறிய பகா எண் பெரிய பகா எண்ணைவிடக் குறைந்த முறை வரக்கூடாது. 2 எத்தனை முறை வருகிறதோ அதற்கு மேல் 3 வராது, 3-க்கு மேல் 5 வராது, இடையில் எந்தப் பகா எண்ணும் விடுபடாது. கடைசியாக வரும் பகா எண் ஒரே ஒரு முறைதான் வரும். இதற்கு விலக்கு 4, 36 ஆகிய இரண்டு எண்கள் மட்டுமே. இதற்கு மேல் அவர் சென்ற வழி மிகக் கடினமானது. ஒவ்வொரு பகா எண்ணும் எத்தனை முறை வர முடியும் என்பதற்கு மேல் எல்லையும் கீழ் எல்லையும் வகுத்தார். எண்கள் பெருகப் பெருக, அடுத்தடுத்து வரும் இரு மிகு பகு எண்களின் விகிதம் ஒன்றை நெருங்கிக்கொண்டே செல்லும் என்றும் நிறுவினார். சமனிலிகளைக் கையாள்வதில் அவருக்கிருந்த வலிமையை இக்கட்டுரையே நன்கு காட்டுகிறது என்பது ஹார்டியின் கருத்து. நிறுவலை எழுதாமல் விடும் பழக்கமுடையவர், இதில் படிப்படியாக எழுதியிருந்தார்.

கட்டுரையில் ஓர் அட்டவணையும் இருந்தது. நூற்றுக்கு மேற்பட்ட மிகு பகு எண்களையும் அவற்றின் காரணிகளின் எண்ணிக்கையையும் கையாலேயே கணக்கிட்டு அதில் தந்திருந்தார். அதன் கடைசி எண் 67,46,32,83,88,800. ஏறத்தாழ ஆறே முக்கால் இலட்சம் கோடியான அவ்வெண்ணுக்கு 10,080 காரணிகள். அதில் 2 ஆறு முறை அடங்கியிருப்பதால், அவற்றுள் 1,440 மட்டுமே ஒற்றைப்படை; 8,640 இரட்டைப்படை. சிறிய எண்ணாகிய 12-இல் காரணிகளின் மூன்றில் ஒரு பங்கு ஒற்றைப்படை. 360-இல் நான்கில் ஒரு பங்கு. இங்கே ஏழில் ஒரு பங்கு.

கட்டுரை முழுமையாக வெளிவரவில்லை. போர்க்காலத்தில் இலண்டன் கணிதக் கழகம் பணமுடையால் தவித்தது. அச்சுச் செலவைக் குறைக்க இறுதிப் பகுதியை நீக்க வேண்டியதாயிற்று. எழுதிய தாள்கள் அப்படியே ஒதுங்கிக் கிடந்தன. ஆனால் அச்சான பகுதியே போதுமானதாக இருந்தது. 1916ஆம் ஆண்டு மார்ச் மாதம், இந்த ஆராய்ச்சிக்காகக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் இராமானுஜனுக்கு இளங்கலைப் பட்டம் அளித்தது. கும்பகோணத்திலும் சென்னையிலும் கைக்கு எட்டாமல் போன பட்டம் அது. அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டு.

நோயும் திரும்புதலும்

1917ஆம் ஆண்டு நோயுற்றார். காசநோய் என்று மருத்துவர்கள் கருதிச் சிகிச்சை அளித்தனர். குடலைத் தாக்கிய கிருமி ஈரலுக்குப் பரவியதே காரணமாக இருக்கக்கூடும் என்று பிற்கால மருத்துவர் ஒருவர் ஆராய்ந்து கூறியுள்ளார். மருத்துவ இல்லம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறிக்கொண்டிருந்தார். ஊரிலிருந்து கடிதங்கள் ஒழுங்காக வரவில்லை. மனச்சோர்வு அவரை மிகவும் வாட்டியது. இதற்கிடையே 1918ஆம் ஆண்டு இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினராகவும், அவ்வாண்டு அக்டோபரில் டிரினிட்டிக் கல்லூரியின் ஆய்வுறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். டிரினிட்டியில் அப்பெருமையைப் பெற்ற முதல் இந்தியர் அவரே.

பட்னி என்னும் இடத்தில் அவர் படுத்திருந்தபோது நடந்த நிகழ்ச்சியை அறியாதவர் இல்லை. காண வந்த ஹார்டி, தாம் ஏறிவந்த வாடகை வண்டியின் எண் 1729 என்றும், அது சுவையற்ற எண்ணாகத் தோன்றுவதாகவும் கூறினார். அப்படியன்று, இரு கனங்களின் கூடுதலாக இரு வகையில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அது என்று நோயாளி படுக்கையிலிருந்தே விடையளித்தார். ஒன்றின் கனத்தையும் பன்னிரண்டின் கனத்தையும் கூட்டினாலும் 1729; ஒன்பதின் கனத்தையும் பத்தின் கனத்தையும் கூட்டினாலும் 1729. காரணிகளை எண்ணும் கண்கொண்டு பார்த்தால் அவ்வெண் ஏழையே. 7, 13, 19 ஆகியவற்றின் பெருக்கமாகிய அதற்கு எட்டே காரணிகள், எட்டும் ஒற்றைப்படை. சற்றுக் கீழே நிற்கும் மிகு பகு எண்ணாகிய 1680-க்கும் ஒற்றைப்படைக் காரணிகள் எட்டுத்தான். ஆனால் அதனுடன் இரட்டைப்படைக் காரணிகள் முப்பத்திரண்டு சேர்ந்து நாற்பதாகிவிடுகின்றன.

போர் முடிந்தபின், 1919ஆம் ஆண்டு மார்ச் மாதம் கப்பலில் பம்பாய் வந்திறங்கினார். அங்கிருந்து சென்னை, பின்னர் காவிரிக் கரையில் கொடுமுடி, கும்பகோணம், மீண்டும் சென்னை. உடல் தேறவில்லை. ஜானகி அருகிலிருந்து பணிவிடை செய்தார். வலி மிகும்போது வெந்நீரில் நனைத்த துணியால் ஒத்தடம் கொடுப்பார். வலி தணிந்ததும் இராமானுஜன் தாளும் எழுதுகோலும் கேட்பார். அவ்வோராண்டில் அவர் எழுதியவற்றை இன்றும் ஆராய்ந்து வருகின்றனர். 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில் காலமானார். முப்பத்து மூன்றாம் வயது நிறைவு பெறவில்லை. கடல் கடந்து சென்றவர் என்பதற்காக உறவினர் பலர் இறுதிச் சடங்கிற்கு வரவில்லை.

அச்சேறாமல் நின்ற காரணிக் கட்டுரையின் இறுதிப் பகுதி, கையெழுத்துப்படியாகவே எழுபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தது. அவருடைய நூற்றாண்டு விழாவையொட்டிப் புது தில்லியில் அச்சான கையெழுத்துத் தொகுதியில் அது இடம்பெற்றது. பிரெஞ்சுக் கணித அறிஞர் இருவர் அதற்கு விளக்கம் எழுதி 1997ஆம் ஆண்டு ஆய்விதழில் வெளியிட்டனர். 1915ஆம் ஆண்டின் அட்டவணையையும் பிற்காலத்தவர் கணிப்பொறியின் துணையால் சரிபார்த்தனர். ஓர் எண் மட்டும் அதில் விடுபட்டிருந்தது. அது 2,93,31,86,25,600. அதற்கு 5,040 காரணிகள். 720 ஒற்றைப்படை, 4,320 இரட்டைப்படை. அவ்வெண்ணை 23-ஆல் பெருக்கினால், இராமானுஜன் தம் அட்டவணையின் கடைசியில் எழுதிய எண் கிடைக்கும்.